ஓடிபி யார் போனுக்கு வருகிறது?

பெண் தொழில்முனைவோருக்கு டிஜிட்டல் பயிற்சி நடத்தும் அதிகாரிகளுக்கும், நிறுவனங்களுக்கும், தொண்டு அமைப்புகளுக்கும் ஒரு திறந்த மடல்

வணக்கம்.

தண்டையார்பேட்டையில் இருபது வருடமாகத் தையல் மெஷின் மிதிக்கிறேன். மோட்டார் போட்டு ஆறு வருடம் ஆகிவிட்டது, இன்னும் வாயில் மிதிக்கிறேன் என்றுதான் வருகிறது. பிளவுஸ், சுடிதார், பாவாடை சட்டை எல்லாம் தைப்பேன். கல்யாண சீசன் இல்லாத நாளில் எம்.சி. ரோடு ஜவுளிக் கடைகளுக்கு பீஸ் ரேட்டில் நைட்டி. எங்கள் மகளிர் சுய உதவிக் குழுவில் கணக்கு எழுதுபவளும் நான்தான். இந்த நான்கு வருடத்தில் ஐந்து டிஜிட்டல் பயிற்சிக்கு வந்திருக்கிறேன். மூன்று சர்டிபிகேட்டை லேமினேட் செய்து மெஷினுக்கு மேலே மாட்டியிருக்கிறேன். குறை சொல்ல வரவில்லை. சாப்பாடு எல்லா முறையும் நன்றாகவே இருந்தது.

கடைசியாக நடந்த பயிற்சியில் ஒரு அரை மணி நேரத்தை மட்டும் சொல்கிறேன்.

ஏசி ஹால். குளிர் தாங்காமல் பாதிப் பேர் முந்தானையைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். பாடம் நடத்திய பெண்ணுக்கு என் மகள் வயசு, பொறுமைசாலி. எல்லாரும் ஒரு ஈமெயில் ஐடி திறக்க வேண்டும் என்றார். எனக்குப் பக்கத்தில் காசிமேட்டுக் கருவாட்டு அக்கா. போன் நம்பர் கேட்டார்கள். அக்காவுக்கு மனப்பாடமாகத் தெரிந்த ஒரே நம்பர் சின்ன மகனுடையது, அதைச் சொன்னார். ஓடிபி அவன் போனுக்குப் போய்விட்டது. அவன் கன்டெய்னர் யார்டில் வேலை செய்கிறான். அக்கா தன் போனிலிருந்து அவனைக் கூப்பிட்டு, "கண்ணு, ஆறு நம்பர் வந்திருக்கும் பாரு, கொஞ்சம் சொல்லு" என்றார். பின்னால் லாரி ஹாரன் சத்தம். அவன், "யாரும்மா கேக்கறது? ஏமாத்துறாங்கம்மா, சொல்லாதே, போனை வை" என்று கட் செய்துவிட்டான்.

அந்த நேரம் பெரிய திரையில் என்ன ஓடிக்கொண்டிருந்தது தெரியுமா? ஒரு பூட்டுப் படம், கீழே "உங்கள் ஓடிபி-யை யாரிடமும் பகிராதீர்கள்". பயிற்சிக்கே வராத பையன் பாடத்தைச் சரியாகப் பிடித்துக்கொண்டான். வந்த அக்காதான் முழித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கடைசியில் அந்தப் பெண், "பரவாயில்லம்மா, அப்புறம் மகன் வந்ததும் செஞ்சுக்கலாம்" என்று சொல்லி லிஸ்டில் டிக் போட்டார். உங்கள் ரிப்போர்ட்டில் அக்கா பயிற்சி பெற்றவர்.

நான் சொல்ல வந்தது இவ்வளவுதான். எங்களுக்கு டெக்னாலஜி தெரியவில்லை என்று நினைத்துப் பாடம் நடத்துகிறீர்கள். தெரியாதது கொஞ்சம்தான். எங்கள் தொழிலைத் திறக்கிற நம்பர் எங்கள் கையில் இல்லை என்பதுதான் பெரிய சங்கடம். அதைச் சரி செய்யாமல் அதற்கு மேல் என்ன கற்றுக்கொடுத்தாலும் அது மகன் வரும்வரை காத்திருக்கும்.

இது எப்படி ஆனது என்றால், ஆதார் எடுத்த காலத்தில் எங்களில் பல பேருக்குத் தனி போன் கிடையாது. நம்பர் என்று கேட்டதும் வீட்டுக்காரர் நம்பரைக் கொடுத்தோம், அல்லது பெரிய பையனுடையதை. பேங்கிலும் அதே நம்பர், கேஸ் கனெக்‌ஷனிலும் அதே. அப்போது அது சும்மா ஒரு கட்டத்தை நிரப்புகிற விஷயம். 2016-ல் யூபிஐ வந்த பிறகு அந்தக் கட்டத்துக்கு ஒரு மவுசு வந்துவிட்டது. பேங்கில் கொடுத்த சிம் எந்தப் போனில் இருக்கிறதோ அந்தப் போனில்தான் யூபிஐ திறக்கும். நம்பர் பையனுடையது என்றால் கடை அம்மாவுடையது, கல்லாப்பெட்டி பையனுடையது.

கருவாட்டு அக்கா கதையையே எடுத்துக்கொள்ளுங்கள். நெத்திலி, காரப்பொடி, வாளை என்று கூடை கூடையாக வாங்கி, உப்புப் போட்டு, மணலில் காக்காய் விரட்டிக் காயவைத்து விற்கிறவர். பழைய பேங்க் கணக்கு ரொம்ப நாள் போக்குவரத்து இல்லாமல் முடங்கிவிட்டது. அதனால் பலகையில் ஒட்டியிருக்கிற க்யூஆர் கோடு மகன் கணக்குக்குப் போகிறது. மகன் தங்கமான பிள்ளை, அதில் சந்தேகமே இல்லை. ஆனால் மாதம் ஐந்தாம் தேதி அவன் பைக் ட்யூ அதே கணக்கிலிருந்து தானாகப் போய்விடும். அன்றைக்குக் கருவாட்டுக் காசும் கூடவே போகும். விடியற்காலை ஏலத்துக்கு அக்காவுக்கு ரொக்கம் வேண்டும். ராத்திரி ஒன்பது மணிக்கு மகன் டூட்டி முடிந்து வந்து ஏடிஎம்மில் எடுத்துக் கொடுத்தால் உண்டு. இல்லாவிட்டால் தண்டல்காரர். ஒன்பதாயிரம் கையில் கொடுத்து, தினம் நூறு ரூபாய் வீதம் நூறு நாள் வாங்கிக்கொண்டு போவார். கணக்கு நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்.

அக்கா லோன் கேட்டுப் போனபோது பேங்கில் ஸ்டேட்மென்ட் கேட்டார்கள். தினமும் வியாபாரம் நடப்பது ஸ்டேட்மென்ட்டில் பளிச்சென்று தெரிகிறது, ஆனால் மகன் பெயரில். காகிதப்படி அவன்தான் கருவாட்டு வியாபாரி. அவனுக்குக் கருவாட்டு வாசனையே ஆகாது.

குழு வைத்தபோது எங்களுக்குச் சொல்லிக்கொடுத்த முதல் பாடமே கணக்கு பெண்ணின் பெயரில் இருக்க வேண்டும் என்பதுதான். தருமபுரியில் 1989-ல் குழுக்கள் தொடங்கிய காலத்திலிருந்து இதைத்தான் சொல்கிறார்கள். 2023 செப்டம்பர் 15 முதல் வருகிற மகளிர் உரிமைத் தொகை ஆயிரம் ரூபாயும் எங்கள் கணக்குக்குத்தான் வருகிறது. ஆனால் பணம் வந்த எஸ்எம்எஸ் யார் சட்டைப் பையில் சிணுங்குகிறது என்று பாருங்கள். எங்கள் தெருவில் மூன்று வீட்டிலாவது, வந்த சேதி அவளுக்குத் தெரிவதற்கு முன்னால் வீட்டுக்காரருக்குத் தெரிந்துவிடுகிறது.

2019-21 தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பில், எப்போதாவது இன்டர்நெட் பயன்படுத்திய ஆண்கள் நூற்றுக்கு 57 பேர், பெண்கள் 33 பேர் என்று வந்தது. உங்கள் முதல் ஸ்லைடில் இந்தக் கணக்கு கட்டாயம் இருக்கும், பார்த்திருக்கிறேன். அதற்கு அடுத்த ஸ்லைடு ஏன் எக்செல் ஷீட் என்பதுதான் இன்றுவரை எனக்குப் புரியவில்லை.

என் கதை வேறு மாதிரி. எனக்குப் போன் இருக்கிறது, நம்பர் என் பெயரில்தான் இருக்கிறது. ஆனாலும் மாட்டினேன். சிறு தொழில் செய்கிறவர்கள் மத்திய அரசின் உத்யம் பதிவு எடுக்க வேண்டும் என்று பயிற்சியில் சொன்னார்கள். 2020 ஜூலையிலிருந்து இருக்கிறது, கட்டணம் ஒரு பைசா கிடையாது என்பதைச் சொல்ல விட்டுவிட்டார்கள். அல்லது நான் டீ குடிக்கப் போன நேரத்தில் சொன்னார்களோ என்னவோ. பிரவுசிங் சென்டரில் ஆயிரத்து ஐந்நூறு ரூபாய் வாங்கிக்கொண்டு பத்து நிமிடத்தில் சர்டிபிகேட் எடுத்துக் கொடுத்தார்கள். ஒரு வருடம் கழித்து லோனுக்காக நீட்டினபோது அந்த அதிகாரி கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். தையல் என்று இருக்க வேண்டிய இடத்தில் காகிதப் பை தயாரிப்பு. சரி, மாற்றிக்கொள்ளலாம் என்று பார்த்தால், அந்தப் பதிவில் இருந்த நம்பரும் ஈமெயிலும் பிரவுசிங் சென்டர்காரருடையது. அவர் கடையைக் காலி செய்துவிட்டு எங்கேயோ போய்விட்டார். ஓடிபி இப்போதும் அவருக்குத்தான் போய்க்கொண்டிருக்கும் என்று நினைக்கிறேன்.

அதே வருடம் இன்னொன்று. ஒருத்தர் போன் செய்து, ஸ்கூல் ஆண்டு விழாவுக்கு முப்பது பாவாடை சட்டை வேண்டும் என்றார். ஒரு நாளில் அட்வான்ஸ் போடுவதாகச் சொல்லி, வாட்ஸ்அப்பில் ஒரு க்யூஆர் அனுப்பி, "ஸ்கேன் பண்ணி பின் நம்பர் போடுங்க, பணம் வந்துடும்" என்றார். போட்டேன். 4,800 ரூபாய் போனது. அப்போது சுவரில் இரண்டு சர்டிபிகேட் தொங்கிக்கொண்டிருந்தது. வெட்கத்தில் வீட்டில் சொல்லவில்லை. ஒன்றரை நாள் கழித்துத்தான் சைபர் மோசடிப் புகாருக்கான 1930-க்குக் கூப்பிட்டேன். அதற்குள் பணம் எந்தெந்தக் கணக்கோ மாறிப் போய்விட்டது. உடனே கூப்பிட்டால் வழியில் நிறுத்தி வைக்க வாய்ப்பு உண்டு என்று அப்புறம்தான் தெரிந்தது. பணம் நமக்கு வருவதற்கு யூபிஐ பின் நம்பர் போட வேண்டாம், கொடுப்பதற்குத்தான் வேண்டும். பாதுகாப்பு என்று ஒரு முழு மதியம் நடத்தினீர்கள், இந்த ஒரு வரி யார் வாயிலிருந்தும் வந்ததாக எனக்கு ஞாபகம் இல்லை. இப்போது குழுக் கூட்டத்தில் ஒவ்வொரு மாதமும் நான் இதைச் சொல்கிறேன். சந்தா வாங்குவதற்கு முன்னால் சொல்வேன், அப்போதுதான் எல்லாரும் கவனிப்பார்கள்.

உங்கள் பேனரில் "அனைவரையும் உள்ளடக்கிய" என்று ஒரு வார்த்தை போடுவீர்கள். அந்த அனைவரில் மூன்று பேரை எனக்குத் தெரியும்.

ஒருத்தி என்னோடு தைக்கிறவள். காது கேட்காது, பேச்சும் வராது. கையில் கத்திரி பிடித்தால் என்னைவிடச் சுத்தமான கட்டிங். அவளும் ஒரு ஸ்பீக்கர் பெட்டி வாங்கி வைத்திருக்கிறாள், பணம் வந்தால் சத்தமாகச் சொல்லுமே, அது. யாருக்குச் சொல்கிறது? அதற்கு மாதா மாதம் வாடகை பிடிக்கிறார்கள் என்பதே அவளுக்குத் தெரியாது, பாஸ்புக் போட்டபோது நான்தான் கண்டுபிடித்தேன். அவளுக்குத் தேவை பணம் வந்தால் போன் அதிரவும் வெளிச்சம் அடிக்கவும் வேண்டும், அவ்வளவுதான். போன் செட்டிங்கிலேயே அது இருக்கிறது. எங்கள் எதிர்வீட்டுக் காலேஜ் பெண் தேடிப் பிடித்துப் போட்டுக் கொடுத்தாள். இப்போது வாடிக்கைக்காரர்கள் அவளுக்கு வீடியோ கால் போட்டுக் கழுத்து டிசைனைக் கையால் வரைந்து காட்டுகிறார்கள். பேசுகிற எனக்கு வருகிற ரிட்டர்ன் பிளவுஸில் பாதிகூட அவளுக்கு வருவதில்லை.

இன்னொருவர் வியாசர்பாடியில் இட்லிக் கடை வைத்திருக்கும் திருநங்கை. சட்னிக்காகவே தெரு தாண்டி வருவார்கள். க்யூஆர் ஸ்கேன் செய்தால் பேங்க் கணக்கில் இருக்கிற பெயர்தான் வாடிக்கைக்காரர் போனில் வரும், இல்லையா? அவர் கணக்கில் இருப்பது பழைய ஆண் பெயர். ஒவ்வொரு இட்லித் தட்டுக்கும் ஒரு தடவை அந்தப் பெயரை யாரோ சத்தமாகப் படிக்கிறார்கள், சிலபேர் சிரிக்கிறார்கள். அவர் க்யூஆர் அட்டையைத் திருப்பி வைத்துவிட்டு ரொக்கம் மட்டும் வாங்குகிறார். திருநர் அடையாளச் சான்றுக்கு ஆன்லைனில் விண்ணப்பிக்க 2020 முதல் வசதி இருக்கிறது, அதை வைத்து ஆதாரிலும் பேங்கிலும் பெயர் மாற்றலாம். அவருக்கு உங்கள் பயிற்சியில் சொல்லித்தர வேண்டியது அது ஒன்றுதான். நீங்கள் அவருக்குச் சொல்லிக்கொடுத்தது போஸ்டர் டிசைன்.

மூன்றாவது ஆள் இப்போது இங்கே இல்லை. கரையோரம் குடியிருந்தவரைப் பெரும்பாக்கத்துக்கு மாற்றிவிட்டார்கள். ஊருக்கு அந்தக் கோடி. மசாலாப் பொடி அரைத்து விற்பவர். அங்கே போன பிறகும் பழைய தெருக்காரர்களின் வாட்ஸ்அப் குரூப்பில் ஆர்டர் எடுத்து, பெண்களுக்கு டிக்கெட் இல்லாத சாதா பஸ்ஸில் இரண்டு பஸ் மாறி வாரம் ஒரு நாள் வந்து கொடுத்துவிட்டுப் போகிறார். எழுதத் தெரியாது. வாய்ஸ் மெசேஜ்தான். "கால் கிலோ சாம்பார் பொடி, அரைக் கிலோ கறி மசாலா, போன வாரப் பாக்கி நூத்தி இருபது" என்று அவர் குரலே ரசீது. இவருக்கு டிஜிட்டல் திறன் இல்லை என்று எந்தப் படிவத்தில் எழுதுவீர்கள்?

அட்ரஸ் பற்றியும் சொல்லிவிடுகிறேன். லோன் கேட்டுப் போகிற இடத்தில், ஆன்லைனில் கடை திறக்கப் போகிற இடத்தில், எங்கள் பின்கோடைப் பார்த்ததும் "ஓ, அந்த ஏரியாவா" என்று ஒரு இழுப்பு. ஒருத்தர் முகத்துக்கு நேராகவே நெகட்டிவ் ஏரியா, அதாவது லோன் கொடுக்கத் தயங்குகிற ஏரியா, என்று சொன்னார். அப்புறம் பழைய எண், புதிய எண், சந்துக்குள் சந்து. மேப்பில் கடையைச் சேர்க்கப் போனால் கடை வாசலையும் போர்டையும் வீடியோ எடுத்து அனுப்பச் சொல்கிறது. வீட்டுத் திண்ணையில் மெஷின் போட்டிருப்பவளுக்குப் போர்டு ஏது? இதை எப்படிச் சமாளிப்பது என்று யாராவது ஒரு நாள் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தால் அந்த நாளுக்கு நான் கூலியை விட்டுவிட்டு வருவேன்.

நேரம். இதில்தான் எனக்கு உண்மையிலேயே கோபம். பயிற்சி எப்போதும் மார்ச்சில் வருகிறது. எட்டாம் தேதி மகளிர் தினம், முப்பத்தொன்றாம் தேதி நிதியாண்டு முடிவு, உங்கள் கஷ்டம் புரிகிறது. ஆனால் கூப்பிடுவது காலை பத்து மணிக்கு. அந்த நேரம் மீன்காரம்மாவுக்கு விற்பனை, இட்லிக் கடைக்காரருக்குப் பாத்திரம் கழுவுகிற வேலை, எனக்குக் கல்யாண பிளவுஸ். கிழக்குக் கடற்கரையில் மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள். அப்போது காசிமேட்டில் விசைப்படகு கடலுக்குப் போகாது, மீன் தொழிலில் இருக்கிற பெண்களுக்கு வேலை குறைவு, மனமும் சோர்ந்து கிடக்கும். தையல்காரிகளுக்கு ஆடி மாதம் கல்யாணம் இல்லை. மதியம் இரண்டிலிருந்து நாலு வரைக்கும் என்றால் எல்லாரும் வருவோம். தண்ணீர் வருகிற நாளை மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்.

இடமும் அப்படித்தான். கண்காட்சி, பயிற்சி, விருது என்றால் நுங்கம்பாக்கம், கிண்டி. கொளத்தூரில் 2024 நவம்பரில் முதல்வர் படைப்பகம் திறந்தார்கள். படிக்கிற பிள்ளைகளுக்கும் லேப்டாப்பில் வேலை செய்கிறவர்களுக்கும் இடம், நன்றாக இருக்கிறது, என் மகளே போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். அந்த மாதிரி இடத்தில் வாரத்துக்கு இரண்டு மதியம் ஒரு மேசை. அதில் உட்காருகிறவருக்கு உத்யம் பதிவு, உணவுப் பாதுகாப்புப் பதிவு, பேங்க் நம்பர் மாற்றம், 1930 புகார் இந்த நாலும் தெரிந்தால் போதும். எங்கள் போனிலேயே, தமிழிலேயே செய்து காட்ட வேண்டும். அவர் செய்து முடித்துக் கொடுக்கக் கூடாது, எங்கள் விரல்தான் அழுத்த வேண்டும்.

பாடத்தில் என்ன வைக்கலாம் என்று கேட்டால், கணக்கு. மாவு அரைத்து, டிபன் போட்டு உணவு ஆப்பில் விற்ற எங்கள் குழுப் பெண் ஒருத்தி மூன்று மாதத்தில் நிறுத்திவிட்டாள். ஆர்டருக்கு ஒன்றும் குறைவில்லை. விலையில் ஏறத்தாழ கால்வாசி கமிஷனாகப் போனது, டப்பா காசு தனி, தள்ளுபடி கொடுக்கச் சொல்லி வந்த மெசேஜுக்கு அவள் சும்மா ஓகே தட்டியிருந்தாள். தோசைக்கு என்ன அடக்கம் என்று அவள் போட்டு வைத்திருந்ததில் அவள் கூலியே இல்லை. ஆப்பில் எப்படிச் சேருவது என்று காட்டினவர்கள், நூறு ரூபாய்க்கு விற்றால் கைக்கு எவ்வளவு வரும் என்று ஒரு பேப்பரில் போட்டுக் காட்டியிருந்தால் விலையை ஏற்றி வைத்திருப்பாள், இல்லையென்றால் சேராமலே இருந்திருப்பாள். மிக்ஜாம் புயலின்போது நாலைந்து நாள் கரண்ட்டும் டவரும் இல்லாமல் கிடந்தோம். அப்போது எங்கள் தெருவில் வியாபாரம் ஓடியது பாக்கி நோட்டில்தான். அந்த நோட்டை எப்படிப் போனுக்கு மாற்றுவது என்று சொல்லிக்கொடுங்கள், எல்லாரும் வருவோம். வாட்ஸ்அப் பிசினஸில் பாக்கிக்கு ஒரு லேபிள் போடலாம் என்று அந்த எதிர்வீட்டுப் பெண் காட்டிக் கொடுத்தாள். இருபது நிமிடம், என் மெஷின் மேசையில். அவளுக்குச் சம்பளம் ஒரு சுடிதார் ஆல்ட்டர்.

ஆனால் எதற்கும் முன்னால் நம்பர். முதல் நாள் வருகைப் பதிவேட்டில் பெயருக்குப் பக்கத்தில் இன்னொரு கட்டம் போடுங்கள்: ஓடிபி யார் போனுக்கு வருகிறது? தன் போனுக்கு என்று சொல்கிறவர்கள் உள்ளே பாடத்துக்குப் போகட்டும். மற்றவர்களுக்கு அன்றைக்குப் பாடம் வேண்டாம், ஒரு ஆட்டோ வைத்து ஆதார் மையத்துக்கும் பேங்குக்கும் கூட்டிப் போங்கள். தபால்காரர் வீட்டுக்கே வந்து ஆதாரில் செல்போன் நம்பரை மாற்றித் தரும் வசதி 2021-லிருந்து இருக்கிறது. எங்கள் தெருத் தபால்காரரிடம் கேட்டேன், நாலைந்து பேராகச் சேர்ந்து சொல்லிவிட்டால் ஒரே நடையில் முடித்துவிடலாம் என்றார். முடங்கிய கணக்கை எழுப்புவது, பேங்கில் நம்பர் மாற்றுவது, வீட்டில் அதைச் சண்டையில்லாமல் சொல்வது, இதெல்லாம் சேர்ந்து ஒரு வாரம் ஆகும். வீட்டில் சொல்வதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம். மற்றதற்கு உங்கள் அடையாள அட்டை கூட இருந்தால் கவுன்ட்டரில் உட்காரச் சொல்வார்கள்.

கருவாட்டு அக்கா போன வாரம் புது சிம் வாங்கிவிட்டார். இன்னும் எதிலும் இணைக்கவில்லை, நம்பரை ஒரு பிளாஸ்திரியில் எழுதிப் போனுக்குப் பின்னால் ஒட்டி வைத்திருக்கிறார். தடைக்காலம் தொடங்கினதும் அவருக்கும் இன்னும் பதினொரு பேருக்கும் மதியம் ஓய்வு. குழுக் கூட்டம் நடக்கிற மொட்டை மாடியில் ஷீட் போட்ட நிழல் இருக்கிறது, சார்ஜ் போட மூன்று பாயின்ட் இருக்கிறது. ப்ரொஜெக்டர் வேண்டாம். ஏப்ரல் மூன்றாவது வாரம் யாரை அனுப்புகிறீர்கள் என்று சொல்லுங்கள், தபால்காரரிடம் நான் பேசி வைக்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு தையல்காரி
தண்டையார்பேட்டை, வட சென்னை